மகாராணியும் பழைய கோட்டும்

பரிசோதகர் வரும் நேரம். மகாராணி கொட்டகையை விட்டு நகருவேனா என்று நின்றாள். அவள் போனால்தான் மற்ற மாடுகளும் போகும். அப்படி ஒரு குடும்பம்.

"வாடி என் தங்கமே. இன்னிக்கு மட்டும் என் மானத்தைக் காப்பாத்து" என்று கெஞ்சினார் பண்ணைக்காரர்.

விஷயம் சின்னதில்லை. இயற்கைப் பண்ணை என்று சான்றிதழ் கிடைத்தால்தான் அரசாங்கம் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டுத் தரும். அதற்கு மாடுகள் கட்டிப்போடாமல் வெளியில் மேய வேண்டும்; பண்ணையில் விளைந்ததைத் தவிர வேறெதையும் தின்னக் கூடாது. போன வருஷம் மகாராணி கொட்டகைக்குள்ளேயே நின்று காரியத்தைக் கெடுத்துவிட்டாள்.

"இஸ்திரி சட்டையில உங்களை அவளுக்கு அடையாளம் தெரியல. பழைய கோட்டைப் போடுங்க" என்றாள் மனைவி. "போன வருஷம் மாதிரி கோட்டை விட்டுடாதீங்க."

ஆணியில் தொங்கிய கோட்டை அவர் மாட்டியதுதான் தாமதம், மகாராணி ஓடிவந்து இடுப்பில் மூக்கைத் தேய்த்தாள். அந்தக் கோட்டுப் பை எப்போதும் அவள் எச்சிலில் ஊறியே கிடக்கும். அவர் அதில் கையே விடுவதில்லை. கொஞ்ச நாளாகத்தான் இந்தப் பாசம். பெற்ற பிள்ளைகூட இப்படி ஒட்டாது என்று அவருக்குக் கண் கலங்கிவிடும்.

மாமியார்தான் சமையலறை ஜன்னலில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். வந்து மூன்று மாதமாகிறது. மாப்பிள்ளை மேல் ஏதோ மனத்தாங்கல். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டார்.

மாடுகள் புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குள் வாசலில் கார் சத்தம். பண்ணைக்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார். மகாராணியும் கூடவே நடந்தாள். அவர் யோசித்து, கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினார். மகாராணி அங்கேயே நின்றுவிட்டாள். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"கோட்டு எங்க?" என்றாள் மனைவி.

"மரத்துல விட்டுட்டு வந்தேன்."

"கோட்டை விடாதீங்கன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?"

பரிசோதகர் அம்மாள் காரை விட்டு இறங்கும்போது, கொம்பில் கோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு மகாராணி முற்றத்துக்குள் நுழைந்தாள். பின்னாலேயே மொத்தக் குடும்பமும்.

"மேயற நேரத்துல மாடெல்லாம் வீட்ல என்ன பண்ணுது?"

பண்ணைக்காரர் உள்ளதைச் சொல்லிவிட்டார். "என்னை விட்டுட்டு இருக்க மாட்டா மேடம். அவ்வளவு பாசம். நான் முன்னால போனா எங்க வேணா வருவா."

"போய்க் காட்டுங்க, பார்ப்போம்."

கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். மகாராணி பையில் மூக்கை வைத்தபடி பின்னால் போனாள். புல்வெளியில் அவர் சும்மா நிற்க, மாடுகள் சுற்றிலும் மேய்ந்தன. பார்த்துக்கொண்டிருந்த பரிசோதகருக்கு மனசு இளகிவிட்டது.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பாசத்தைப் பார்த்ததில்லைங்க" என்று முற்றத்துக்குத் திரும்பியதும் பேனாவைத் திறந்தார். "வெளித்தீவனம் எதுவும் கொடுக்கறதில்லையே?"

"கடைப்பொருள் ஒரு துரும்பு என் மாட்டு வாயில பட்டதில்ல மேடம். சத்தியமா."

பரிசோதகர் கையெழுத்துப் போடக் குனிந்தார். ஜன்னலில் மாமியார் மூன்று மாத மௌனத்தைக் கலைத்தார்.

"மாப்பிள்ளை, பசியோட மாட்டுக்குப் பின்னால அலையறீங்களேன்னு தினம் அந்தக் கோட்டுப் பையில ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட் பிரிச்சு வைக்கிறேன், ஒரு நாளாவது நல்லா இருந்துச்சு அத்தைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"