வெள்ளையம்மாவுக்கு ஐம்பது மிஸ்டு கால்

“யாருங்க இந்த வெள்ளையம்மா?”

ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியதம்பி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி தமிழ்ச்செல்வி அவனுடைய செல்போனை நீட்டிக் கேட்டாள். முந்தின நாள் மட்டும் அந்தப் பெயருக்கு ஐம்பது தடவை போன் போயிருந்தது.

“எலி,” என்றான் பெரியதம்பி, வாயில் நுரையோடு.

உண்மையும் அதுதான். திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில் அவன் லேப் அட்டெண்டர். செல்போன் கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா என்று அந்த 2009-ல் பேராசிரியர் சீனுவாசன் வெள்ளெலிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டு கூண்டுகள். ஒன்றில் எலிகள் மட்டும். இன்னொன்றில் எலிகளோடு ஒரு செல்போன். கடித்துவிடக் கூடாதென்று ஓட்டை போட்ட டிபன் டப்பாவுக்குள் வைத்திருந்தார். அந்த போனுக்குத் தினமும் ஐம்பது மிஸ்டு கால் கொடுப்பது பெரியதம்பியின் வேலை. கீழ்த்தளத்தில் தன் மேசையிலிருந்து கொடுப்பான். லீவு நாளில் விழுப்புரத்தில் வீட்டிலிருந்தே கொடுப்பான். எலி வெள்ளை என்பதால் நம்பருக்கு அந்தப் பெயர்.

“எலிக்கு எதுக்குங்க போனு?”

“புத்துநோய் வருதான்னு பாக்கறதுக்கு.”

பொய்யாவது பொருத்தமாகச் சொல்லக் கூடாதா என்பதுபோல் தமிழ்ச்செல்வி பார்த்தாள்.

அவன் உடனே பெயரை ‘எலி’ என்று மாற்றிக் காட்டினான்.

“செல்லப் பேரா? எனுக்கு ஒரு நாளாவது வச்சிருக்கீங்களா?”

பட்டியல் கண்ணில் படாவிட்டால் ஆறிவிடுவாள் என்று, போன அழைப்புகளை எல்லாம் அழித்தான். அரை மணி கழித்து அவள் மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் துணிப்பையை எடுத்தாள்.

“நான் கண்டாச்சிபுரம் போறேன், எங்கம்மா வூட்டுக்கு. நீங்க எலியோடயே குடும்பம் நடத்துங்க.”

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் பையை எடுத்தது இதுதான் முதல் தடவை. பெரியதம்பி ஓடிப்போய் போனை அவள் கையில் திணித்தான்.

“இந்தா, நீயே போடு தமிழு. கட் பண்ணாத, அடிக்க வுடு. எலி எடுத்துப் பேசுதான்னு பாரு!”

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். ஏழெட்டு தடவை மணி அடித்தது.

“அலோ, யாரு?” என்றது ஒரு பெண் குரல்.

பெரியதம்பி பதறிப்போய் போனைப் பிடுங்கி கட் பண்ணினான். அதுவரை செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான்.

அந்த எலியை நேரில் பார்த்துவிட்டுத்தான் அம்மா வீட்டுக்கு என்று, மறுநாள் காலை அவளும் அவனோடு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினாள். மடியில் துணிப்பை இருந்தது.

லேபில் சீனுவாசன் நல்ல குஷியில் இருந்தார். “வெள்ளிக்கிழமை விழுப்புரம் கருத்தரங்குல பேப்பர் வாசிக்கிறேன்மா! மூணு மாசமா கால் வந்துக்கினே இருக்கு. ரெண்டு கூண்டு எலிக்கும் ஒரு வித்தியாசம் கிடையாது. செல்போனால எந்த ஆபத்தும் இல்ல!”

“அந்த போனைக் காட்டுங்க சார்,” என்றாள் தமிழ்ச்செல்வி.

அவர் கூண்டைத் திறந்து, டிபன் டப்பாவின் மூடியை எடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

தமிழ்ச்செல்வி அந்த நம்பரை அழுத்தினாள். எங்கேயோ ‘டுர்ர்ர்’ என்றது. மூவரும் திரும்பினார்கள். கூண்டு கழுவி, போனுக்கு சார்ஜ் ஏற்றிவைக்கும் தைலம்மாள் வாசலில் வாளியோடு நின்றாள். அறுபது வயது. இடுப்பில் சுருக்குப் பை துடித்துக்கொண்டிருந்தது.

“இன்னா சார் எல்லாரும் பாக்கறீங்க?”

“இந்தக் குரல்தான்!” என்றாள் தமிழ்ச்செல்வி. துணிப்பையைக் கீழே வைத்தாள். பெரியதம்பிக்கு மூச்சு வந்தது.

சீனுவாசனுக்குத்தான் வரவில்லை. “தைலம்மா, எத்தினி நாளா இது உங்கிட்ட இருக்கு?”

“மொத நாள்லேர்ந்தே சார். இது பக்கத்துல இருந்தா புத்துநோய் வரும்னு நீங்கதான பசங்களுக்குச் சொன்னீங்க, வாயில்லா ஜீவனாச்சே, அதுங்க நல்லா இருக்கட்டும்னுதான் நான் இடுப்புல சொருகிக்கினேன்.”