கொட்டிலுக்குள் நாகதம்பிரான்

கொட்டிலைத் துப்புரவாக்கச் சொல்லி விமலேஸ்வரி கேட்காத நாளில்லை. வெறும் சாக்கும் பழுதான தண்ணிப் பம்பியும் துருப்பிடித்த தகரமும் கூரை முட்டக் கிடந்தன. அந்த இடத்தில் அவளுக்குத் தையல் மெசின் போடவேண்டும். புருசன் பரமேஸ்வரனுக்கோ சாப்பிட்டால் படுக்கவேண்டும். தர்மபுரத்தில் வயல் செய்கிற மனுசருக்கு அறுவடை முடிந்தபிறகு இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கு?

ஒருநாள் காலமை தகரத்துக்கடியில் ஒரு வால் சரசரவென்று போனதைக் கண்டார். நல்ல நீளமான சாரை. எலி தேடி வந்தது. நஞ்சும் இல்லை, ஆளைக் கண்டால் முதலில் ஓடுவதும் அதுதான். மனுசனுக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"இஞ்சேர், கொட்டில் பக்கம் போகாதை. நாகம் நிக்குது."

"வடிவாக் கண்டனீங்களோ?"

"படமெடுத்து ஆடினது. உந்தச் சுளகளவு படம்."

பயந்து ஓடுவாள் என்று பார்த்தார். அவள் கைகூப்பினாள்.

"நாகதம்பிரான் எங்கட வளவுக்கு வந்திருக்கிறார். அவர் போகுமட்டும் வீட்டில மீன், மச்சம் கூடாது."

அன்றைக்குப் பூசணிக்காய். அடுத்தநாள் கத்தரிக்காய். பிறகு திரும்பவும் பூசணிக்காய். மீன்காரன் படலையடியில் ஹோர்ன் அடித்தால், "இஞ்ச சாமி நிக்குது, போட்டு வா" என்று அனுப்பிவிட்டாள். கொட்டில் வாசலில் நாள் தவறாமல் பாலும் முட்டையும். அந்த முட்டையையாவது எனக்குப் பொரித்துத் தந்தால் என்ன என்று பரமேஸ்வரனுக்கு அழுகை வந்தது. விமலேஸ்வரியோ பசியில்லை என்று சொல்லிவிட்டு, மத்தியானத்தில் பக்கத்து வீட்டு மேனுகாவோடு கதைக்கப் போய்விடுவாள். பாவம், தன்னால்தான் பட்டினி கிடக்கிறாள் என்று அவருக்கு மனம் குத்தியது.

கடைசியில் தாங்கேலாமல் வாயைத் திறந்தார்.

"விமலா, அது நாகமில்லை. சாரை."

"சாமியை அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"சாரைக்குப் படமே இல்லையப்பா. கண் பெரிசு. பகலிலயே எலி பிடிச்சுத் திரியும்."

"படமெடுத்து ஆடினதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"வெய்யிலுக்குக் கண் கூசிப்போட்டுது."

"அப்ப பிடிச்சுக் காட்டுங்கோ. சாரையெண்டால் இண்டைக்கே மீன்."

மீன் என்ற சொல் காதில் விழுந்ததுதான். சாக்கை இழுத்தார், பம்பியை உருட்டினார், தகரத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியில் போட்டார். கடைசித் தகரத்தடியில் சுருண்டு கிடந்த சாரை, தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, வேலிக்குள்ளால் பாய்ந்து வயலுக்குள் போனது.

"பாத்தியோ, படம் இருக்கோ?"

"இல்லைத்தான்." விமலேஸ்வரி வெறுமையான கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். "சாரையெண்டு எனக்கு முதலே தெரியும். மாரி முழுக்க இஞ்சதானே நிண்டது. அது கழட்டின செட்டையையும் நான்தான் எடுத்து எறிஞ்சனான். சரி, மெசினைத் தூக்கி உள்ள வையுங்கோ."

"அப்ப மீன்?" என்றார் பரமேஸ்வரன், மெல்ல.

"மேனுகா வீட்டில குழம்பு இருக்கு. இவ்வளவு நாளும் நான் அங்கதானே சாப்பிட்டனான்."