ரயில் விற்பனைப் பிரிவு

கண்காணிப்பாளர் தம்முடைய ரயிலை விற்கத் தீர்மானித்த விவரம் அன்று மாலையே மனைவிக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது. மனைவி அடுப்பை விட்டுத் திரும்பாமலே, "மொதல்ல வித்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

ரயில் என்றால் நிஜ ரயில் இல்லை. கீழ்த்தள அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பலகை மேஜை, அதன்மேல் இரண்டு ஸ்டேஷன், ஒரு சுரங்கம், ஒரு பாலம், தண்டவாளத்தை ஒட்டி மேய்கிற மாதிரி நாலைந்து பசுக்கள். பொத்தானை அழுத்தினால் சிக்னல் விழும், சுரங்கத்துக்குள் போன வண்டி மறுபக்கம் வரும். எல்லாம் அவர் கையால் செய்தது. உத்தியோகத்தில் அவர் கட்டட அனுமதிப் பிரிவுக் கண்காணிப்பாளர். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டை எழும்பவிடாமல் பார்த்துக்கொண்ட களைப்பு, சாயங்காலம் ஒரு வண்டியைச் சரியான நேரத்துக்கு ஓட்டினால் தீர்ந்துபோகும்.

விற்கக் காரணம் அக்கா. அப்பா போனபிறகு தையல் மிஷின் மிதித்து அவரைப் படிக்கவைத்தவள். மிதித்த முழங்காலில்தான் இப்போது ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் குடியிருந்தது மூன்றாவது மாடி. இவர் வீட்டில் மாடிப்படி ஏறாமல் படுக்கத் தோதாக இருந்தது ரயில் இருந்த அந்த ஒரே அறைதான். "நீ நேரா இங்க வந்துடுக்கா. ரூமை நான் ரெடி பண்ணிடறேன்" என்று அவர் சொன்னபோது மனப்பூர்வமாகத்தான் சொன்னார். மேஜையை உடைத்துப் போட்டுவிடலாமே என்று மனைவி கேட்டாள். அதற்கு மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

பொம்மை ரயில் பிரியர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதில் படம் போட்டார். போட்ட சூட்டோடு ஒரு பல் டாக்டர் எழுதினார்: "இது எனக்குத்தான். தயவுசெய்து வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. சனிக்கிழமை வண்டியோட வர்றேன்." கேட்டு வந்த மற்றவர்களையெல்லாம் கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பினார். சனிக்கிழமை டாக்டர் வரவில்லை. சுரங்கத்தின் உட்புறத்தை ஒரு போட்டோ கேட்டார். பிறகு தம் மனைவியைக் கேட்கவேண்டும் என்றார். அதன்பிறகு மனைவிக்கு ஊரில் ஒரு துக்கம். அதன்பிறகு பேச்சுமூச்சே இல்லை.

கண்காணிப்பாளர் போன் செய்தார்.

"சார், உங்க விஷயம் என் கவனத்துலதான் இருக்கு" என்றார் டாக்டர்.

"எப்ப வருவீங்க?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன் சார். நடுவுல வேற வேலை வந்துடுச்சு. எதுக்கும் அடுத்த வாரம் ஒரு போன் போடுங்களேன்."

இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று கண்காணிப்பாளர் வெகுநேரம் யோசித்தார். ஆபீஸில் தினமும் தாமே பேசுவதுதான் அது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து வந்தவர் ஜிம் மாஸ்டர். விலையைப் பாதியாக்கி, ஒப்புக்கொண்டபிறகு அதிலும் பாதியாக்கி, பாலத்தை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டு மறைந்தார். ஒரு புதுமணத் தம்பதி நேரிலேயே வந்தார்கள். மத்தியானம் முழுக்க வண்டியை ஓட்டி, மூன்று தரம் டீ குடித்து, பசுக்களோடு படம் எடுத்துக்கொண்டு, "யோசிச்சு சொல்றோம் அங்கிள்" என்று போனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா கேட்டாள். "ரூம் காலியாயிடுச்சாடா தம்பி?"

"பரிசீலனையில இருக்குக்கா" என்றார் அவர். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. மனிதர்கள் ஏன் இப்படிச் சொன்ன சொல்லிலிருந்து நழுவுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். அவருடைய சர்வீஸில் ஒரு மனுதாரர்கூட நழுவியதில்லை. செத்துப்போன மனுதாரர்கள் உண்டு. அப்போதும் வாரிசு வந்து அதே இடத்தில் நிற்பார். ஆக, கோளாறு ஜனங்களிடம் இல்லை. "எடுத்துக்கொள், எடுத்துக்கொள்" என்று நீட்டினால் ஓடுகிற அதே ஜனம், "கிடையாது" என்றால் செருப்புத் தேய வந்து நிற்கிறது. வாங்குகிறவனை வாங்குகிறவனாக விட்டதுதான் தப்பு. அவனை மனுதாரர் ஆக்கவேண்டும்.

மறுநாள் குழுவில் புதிய அறிவிப்பு வந்தது. மேற்படி ரயில் எவருக்கும் உடனடியாக வழங்கப்பட மாட்டாது. விருப்பமுள்ளோர் ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் விண்ணப்பிக்கலாம். ரயிலை வைக்க அறை இருப்பதற்கான சான்றும், கணவன் அல்லது மனைவியின் ஆட்சேபணையின்மைக் கடிதமும், பஸ் பொம்மையை விட்டு ரயிலை நாடுவதற்கான காரணமும் இணைக்கப்பட வேண்டும். விண்ணப்பித்த ஒரே காரணத்தால் ரயிலின்மேல் உரிமை கொண்டாட இயலாது.

ஞாயிறு காலை கேட்டைத் திறந்தால் தெருவில் கூட்டம். முதல் ஆளாகப் பல் டாக்டர் நின்றார்.

கண்காணிப்பாளர் முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். டாக்டர் தம் அறையின் படத்தைப் பணிவோடு நீட்டினார்.

"ரூம் காலியா இருக்கே" என்றார் கண்காணிப்பாளர்.

"ரயில் வைக்கத்தானே சார் காலி பண்ணியிருக்கேன்."

"காலி ரூம்ல ரயிலைத்தான் வைப்பீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்? ஒரு மேஜையாவது போட்டு எடுத்துட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு டாக்டர் மேஜை போட்ட படத்தோடு வந்தார்.

"மேஜை இருக்கே. அப்புறம் ரயிலுக்கு ஏது எடம்?"

குறைகளை ஒரே தடவையில் சொல்லிவிடக்கூடாது என்பது பிரிவின் பாலபாடம். சொன்னால் மனுதாரர் ஒரே தடவையில் சரிசெய்துவிடுவார். பிறகு ஆபீஸ் என்று ஒன்று எதற்கு? டாக்டருக்கோ வருத்தமே இல்லை. வெளியே வந்து ஜிம் மாஸ்டரிடம் சொன்னார்: "குறை சொல்லியிருக்காரு. அப்படின்னா நம்ம மனுவைப் படிச்சிருக்காருன்னுதானே அர்த்தம்?" ஜிம் மாஸ்டருக்குப் பொறாமையாக இருந்தது. அவருடைய மனுவை இன்னும் படிக்கவே இல்லை.

விஷயம் பரவியது. ரயிலென்றால் எந்தப் பக்கம் தலை என்று தெரியாதவர்களும் வந்தார்கள். கிடைக்காத ஒன்று ஒரு வீட்டில் இருக்கிறது என்பது போதுமானதாக இருந்தது. வரிசையில் நிற்பதைப் படம் பிடித்துப் போடுவது நாகரிகமாயிற்று. "எனக்கும் குறைபாடு வந்துவிட்டது" என்று எழுதினால் வாழ்த்துகள் குவிந்தன. மன அமைதிப் பயிற்சி நடத்தும் ஓர் அம்மையார் தம் சீடர்களைக் கூட்டிவந்து, "எதையும் எதிர்பார்க்காம நில்லுங்க. மூச்சை மட்டும் கவனிங்க" என்று வரிசையில் சொருகிவிட்டார். இதற்குக் கட்டணம் உண்டு. மூலைக்கடை ஜெராக்ஸ்காரர் மிஷினை எதிர்வீட்டு வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்தார். கண்காணிப்பாளருக்கு மனுவில் எந்த மாதிரி மடிப்பு பிடிக்கும் என்பது தமக்குத் தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டார்.

மனைவிதான் முதலில் கத்தினாள். "அக்கா எப்ப வர்றது, நீங்க எப்ப விக்கறது? இது என்ன வீடா, தாலுகா ஆபீஸா?"

"எல்லாம் ஒரு முறைப்படி நடக்கணுமில்ல?" என்றார் அவர்.

ஆனால் அடுத்த வாரத்துக்குள் தெருப் பெண்கள் பின்பக்கமாகச் சமையலறைக்கு வர ஆரம்பித்தார்கள். "அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்" என்றார்கள். கல்யாணமான நாளாக அவள் சொன்ன ஒரு வார்த்தையும் அந்த வீட்டில் நடந்ததில்லை. இப்போது நடக்கும் என்று வெளியாள் நம்பியது அவளுக்கு இதமாக இருந்தது. "பார்க்கலாம். போன வாரம் வந்தவங்களே காத்துக்கிட்டிருக்காங்க" என்று அவளும் சொல்லப் பழகிவிட்டாள்.

இந்த நிலையில் ஒரு ஞாயிறு, குழந்தைகள் காப்பகம் நடத்துகிற பெண்மணி ஒருவர் லாரியோடு வந்து இறங்கினார். கூடவே இரண்டு சுமைதூக்கிகள்.

"சார், நீங்க முதல்ல போட்ட விலை எனக்கு சரி. பணம் இந்தாங்க. பசங்க ஆசையா விளையாடுவாங்க. இப்பவே கழட்டி ஏத்திக்கலாமா?"

கண்காணிப்பாளர் திகைத்துப்போனார். "மனு எங்க?"

"மனு எதுக்கு சார்? விக்கறேன்னுதானே போட்டிருக்கீங்க?"

"விற்பனைக்கு உள்ளதுன்னு போட்டிருக்கேன். விக்கறேன்னு எங்கயும் போடலை."

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவருக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. அறை காலியாகும், இன்று சாயங்காலமே கட்டில் போட்டுவிடலாம். கை தானாகப் பணத்தை நோக்கி ஒரு அங்குலம் நகர்ந்தது. ஆனால் அதற்குள் வரிசை கொந்தளித்துவிட்டது.

"அப்ப வாரக்கணக்கா நிக்கிற நாங்கள்லாம் யாரு?" என்றார் டாக்டர்.

"சார், நியாயத்தை மட்டும் பாருங்க. அந்தம்மாவுக்குக் குடுத்துட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க எங்க போறது?" என்றார் ஜிம் மாஸ்டர்.

ரயில் போய்விட்டால் வரிசை போய்விடும். வரிசை போனால் குறைபாடு இல்லை, படம் இல்லை, ஜெராக்ஸ் இல்லை, சமையலறையில் சிபாரிசும் இல்லை. கண்காணிப்பாளரும் வாசலைப் பார்த்தார். ஆபீஸில்கூட அவருக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. நகர்ந்த கையை இழுத்துக்கொண்டார்.

"முறைப்படி விண்ணப்பியுங்கம்மா. ஆவன செய்யப்படும்."

"சொல்லிட்டு பின்வாங்கறீங்களே சார்" என்றார் அந்தப் பெண்மணி. வந்த லாரி காலியாகவே திரும்பியது. வரிசை நிம்மதியாக மூச்சு விட்டது. அமைதிப் பயிற்சிக்காரர்கள் அதைக் கவனித்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீடு திரும்பும் நாள் தவணைமேல் தவணையாகத் தள்ளிப்போனது. "உனக்கு சிரமம்னா சொல்லிடுடா, நான் வேற ஏதாவது பார்த்துக்கறேன்" என்று அவள் போனில் சொன்னாள். "சிரமமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அடுத்த வாரம் கண்டிப்பா ஆயிடும்" என்றார் அவர். அதையும் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். கடைசியில் கட்டில் வேறு நோயாளிக்கு வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்களே அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் தம்பிக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அலுவல் நேரத்தில் அவர் போனை அணைத்துவைப்பது வழக்கம்.

டாக்சியிலிருந்து ஊன்றுகோலோடு இறங்கி, வாசல் கூட்டத்தைப் பார்த்து அக்கா பயந்துபோனாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள். ரயிலுக்கு வரிசை என்று தெரிந்தபிறகுதான் உயிர் வந்தது. உள்ளே போகப்போனவளை ஜெராக்ஸ்காரர் மறித்தார்.

"அம்மா, கடைசியில போய் நில்லுங்க."

"நான் ரயிலுக்கு வரலைப்பா. நான் அவனோட அக்கா."

"போன வாரம் ரெண்டு பேர் இதையே சொன்னாங்கம்மா. ஒருத்தர் அத்தைன்னுகூட சொன்னாரு."

புதுமணத் தம்பதிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. இப்போது வரிசைக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் தங்களுடைய ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அவளும் உட்கார்ந்தாள். ஒருவர் உள்ளே போய்வர, எல்லோரும் எழுந்து அடுத்த நாற்காலிக்கு மாறினார்கள். ஒவ்வொரு தரமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளும் எழுந்து மாறினாள். வெயில் ஏறி இறங்கியது.

அவள் முறை வந்தது. கண்காணிப்பாளர் எழுதிக்கொண்டிருந்தார். நல்ல அலுவலர் தலை நிமிரமாட்டார். நிமிர்ந்தால் எதிரே இருப்பவர் முகம் தெரியும், முகம் தெரிந்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் அன்றைய வேலை கெட்டது.

"என்ன வேணும்?"

"அந்த ரூம்தாம்பா" என்றாள் அக்கா. காய்ந்த தொண்டையில் குரல் பாதிதான் வந்தது.

"ரூமெல்லாம் இங்க வராதும்மா. ரயில் மட்டும்தான். அதுவும் இன்னிக்கு நேரம் ஆயிடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க."

அக்கா அவருடைய குனிந்த தலையையே பார்த்தபடி நின்றாள். உச்சியில் முடி கொட்டியிருந்தது. இத்தனை பேருக்குப் பதில் சொல்லியே பிள்ளை இளைத்துவிட்டானே என்று அவளுக்கு வேதனையாக இருந்தது. தொந்தரவு பண்ணவேண்டாம் என்று, "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலைத் திருப்பி வைத்தாள்.

அவள் வாசலைத் தாண்டியதும் காலியான நாற்காலிக்கு அடுத்தவர் மாறினார், அவர் இடத்துக்கு அவருக்கு அடுத்தவர். தெருக்கோடிவரை எல்லோரும் எழுந்து ஓர் இடம் முன்னேறி உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு பரவாயில்லை, சட்டுசட்டுனு நகருது" என்றார் பல் டாக்டர். எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது.