ஒன்பதால் வகுபடும் மாட்டு டாக்டர்

எண் என்று எதைக் கண்டாலும் அதன் வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் இனம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது. ஆள் நம்மைப் போலத்தான் இருப்பார். டீ குடிப்பார், வெயிலைத் திட்டுவார். ஆனால் முன்னால் ஒரு லாரி போகட்டும், பஸ் டிக்கெட் கைக்கு வரட்டும், கல்யாணப் பத்திரிகையின் அடியில் ஒரு செல் நம்பர் தென்படட்டும், உடனே உதடு முணுமுணுக்கும், விரல் தொடையில் தட்டும், கண் மேலே செருகும். பக்கத்தில் நிற்பவர்கள் சாமி வந்துவிட்டதோ என்று ஒதுங்கிக்கொள்வார்கள். சாமியுமில்லை, பூதமுமில்லை. மூன்றால் வகுபடுகிறதா என்று பார்க்கிறார்.

பரளச்சி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி இந்த இனத்தில் முதல் தரம். நாலு இலக்க எண் அவருக்குச் சோளப்பொரி. பத்து இலக்கமோ கிடா விருந்து. பகா எண் ஒன்று அகப்பட்டால் அன்று முழுக்க வீட்டில் சண்டையே கிடையாது. புது பைக் வாங்கியவனிடம் மைலேஜ் கேட்கமாட்டார். “ஏலே, ஒன் வண்டி நம்பரு பதினேழால வகுபடுதுலே!” என்று கட்டிப்பிடித்துக்கொள்வார். அவன் என்ன செய்வான், பாவம்? நன்றி சொல்வான்.

போன வாரம் அருப்புக்கோட்டையில் மாட்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் செல் நம்பர் மாற்றியிருந்தார். “ஊர்ல எல்லாருக்கும் சொல்லிருங்க” என்று புது நம்பரை இவரிடம் சொன்னார். அண்ணாச்சி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு அழகான நம்பரை யாராவது மறப்பார்களா?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மாரிக்கனி ஓடிவந்தாள். அவளுக்கு இருப்பதே ஒரு பசு. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறது.

“அண்ணாச்சி, மாடு அலறுது! டாக்டரு புது நம்பரு ஒங்ககிட்டதான் இருக்காம், சொல்லுங்க, சீக்கிரம்!”

“அந்த நம்பரா! சைபர்லருந்து ஒம்பது வரைக்கும் ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவதான் வருது தாயி. கூட்டுனா நாப்பத்தஞ்சு. கண்ண மூடிட்டு ஒம்பதால வகுக்கலாம்!”

“வகுக்கது கெடக்கட்டும். நம்பரு?”

அண்ணாச்சி யோசித்தார். முகம் வாடியது. பிறகு தானே மலர்ந்தது.

“வரிசதான் மறந்துபோச்சு. ஆனா பயப்படாத. செல் நம்பரு ஆறு, ஏழு, எட்டு, ஒம்பதுலதான ஆரம்பிக்கும்? அப்பிடிப் பாத்தா மொத்தமே பதினாலு லட்சத்து அம்பத்தோராயிரத்து ஐநூத்தி இருவது நம்பருதான். அதுல ஒண்ணுதான் டாக்டரு!”

“நீங்களும் ஒங்க ஒம்பதும்! எம் மாட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க வீட்டு வாசல்லதான் வந்து ஒப்பாரி வைப்பேன்!” அழுதுகொண்டே மாரிக்கனி ஸ்கூட்டியை உதைத்து, டாக்டர் வீட்டுக்கே பறந்தாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஒரே ஒரு கேள்வி. அந்த மாடு என்ன ஆயிற்றோ என்று உங்களுக்குப் பதறியதா, அல்லது அந்தப் பதினாலு லட்சம் சரிதானா என்று உதடு அசைந்ததா? டாக்டர் வந்து கன்றை இழுத்துப்போட்டார். தாயும் பிள்ளையும் சுகம். அண்ணாச்சியின் கணக்கும் சரிதான். இந்த இரண்டில் எதைக் கேட்டதும் உங்களுக்கு மூச்சு வந்தது?