எபிஃபானியோ பேர் எடுத்த கதை

ஐம்பது வயது ஆவதற்குள் சொந்தமாக ஒரு கரோக்கே பெட்டி வாங்கியே தீருவது என்று எபிஃபானியோ முடிவெடுத்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டரை. சட்டைப் பையில் இருந்ததும் நாற்பத்தெட்டரை பெசோதான். இரண்டில் எது முதலில் ஐம்பதைத் தொடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அதற்காக ஏழை என்று நினைத்துவிட வேண்டாம். பிலிப்பைன்ஸில் இலோய்லோ நகரத்து ஐஸ் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷ மெக்கானிக். இயந்திரம் இருமினால் எந்தக் குழாய் என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். மாதம் இரண்டு தடவை சம்பளம் வரும். வந்த சூட்டோடு அது மனைவி ஃபெலிசாவிடம் போய்விடும். அந்தத் தெருவில் எல்லாப் புருஷன்களுக்கும் இதே கதிதான். முன்பெல்லாம் கவரைப் பிரிக்காமல் நீட்டுவார். இப்போது கவர் கிடையாது; ஏ.டி.எம். கார்டே அவளிடம். தினமும் காலையில் ஜீப்னி வண்டிக்கும் காப்பிக்கும் சில்லறை எண்ணிக் கொடுப்பாள். மீந்தால் கேட்பாள்.

பானியோவுக்கு, அதாவது எபிஃபானியோவுக்கு, பாட்டு என்றால் உயிர். அவர் பாடுவதைக் கேட்பவர்களுக்கும் உயிர்தான் பிரச்சினை. ஆனால் கரோக்கே பெட்டி ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மதிப்பெண் போடுமல்லவா, அவருக்கு எப்போதும் தொண்ணூற்றெட்டு! உலகத்தில் அவரை மனம்விட்டுப் பாராட்டிய ஒரே ஜீவன் அந்தப் பெட்டிதான். அதுவும் வாடகைப் பெட்டி. திருவிழா, பிறந்தநாள் என்று யார் வீட்டுக்காவது வரும். பத்துப் பேர் பாடி முடித்து மைக் இவர் கைக்கு வரும்போது வண்டிக்காரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பான்.

நாலு மாதம் தயங்கிவிட்டு மனைவியிடம் நேராகவே கேட்டுப் பார்த்தார்.

"ஃபெலிசா, ஒரு கரோக்கே வாங்கினா என்ன?"

"வாங்கலாமே. எங்க வைக்கிறது?"

"நம்ம வீட்லதான்."

"அப்ப நான் எங்க இருக்கறது?"

அன்றைக்குத்தான் அந்த மகா யோசனை பிறந்தது. கடன் அட்டை! அவளிடம் கேட்க வேண்டாம், கையேந்த வேண்டாம். தேய்த்தோமா, தூக்கிக்கொண்டு வந்தோமா!

பேரங்காடி வாசலில் குடை ஒன்றை இலவசமாகக் கொடுத்து ஒரு பெண் விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டாள். இரண்டு வாரத்தில் வீட்டுக்குக் கடிதம் வந்தது. 'வருந்துகிறோம்.' நல்லவேளை, ஃபெலிசா சந்தைக்குப் போயிருந்தாள். பானியோ கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். தடயம் இல்லாமல் வேலை பார்ப்பதில் தனக்கு நிகர் இல்லை என்று நினைத்துக்கொண்டார். பிறகு சண்டை போட வங்கிக்கே போனார்.

அங்கே இருந்த மிஸ் லெதெஸ்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அவள் கணினியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது, மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"சார், உங்க பேர்ல எங்கயும் ஒண்ணுமே இல்லையே."

"கரெக்ட்! இருபத்தஞ்சு வருஷமா எவன்கிட்டயும் பத்து பெசோ கடன் வாங்கினதில்ல."

"அதான் சார் பிரச்சினை."

"கடன் வாங்காதது பிரச்சினையா?"

"வாங்கியிருந்தா, திருப்பிக் கட்டற ஆளா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும். இப்ப உங்களப் பத்தி நல்லதும் தெரியல, கெட்டதும் தெரியல. சரி, கரண்ட் பில் யார் பேர்ல சார்?"

"ஃபெலிசா."

"ஃபோன்?"

"ஃபெலிசா."

"வீட்டு வாடகை, ஃப்ரிட்ஜ் தவணை, பிள்ளைங்க இருந்தா லேப்டாப் தவணை?"

"ஃபெலிசா, ஃபெலிசா, ஃபெலிசா."

"உங்க பேர்ல என்னதான் சார் இருக்கு?"

பானியோ நேர்மையாக யோசித்தார். "ஒரு டூத்பிரஷ் இருக்கு."

மிஸ் லெதெஸ்மா சிரிக்கவில்லை. வழி சொன்னாள். "பத்தாயிரம் பெசோ டெபாசிட் போடுங்க. அத நாங்க பூட்டி வச்சுக்கிட்டு அதே அளவுக்கு ஒரு கார்டு தருவோம். மாசாமாசம் கொஞ்சமா வாங்குங்க, மூணுல ஒரு பங்குக்கு மேல வேணாம். கெடு தேதிக்கு முன்னாடி முழுசா கட்டிடுங்க. குறைஞ்சபட்சத் தொகைன்னு பில்லுல ஒண்ணு போட்டிருக்கும், அத மட்டும் கட்டிட்டு சும்மா இருந்துடாதீங்க, மிச்சத்துக்கு வட்டி ஏறும். ஒரு வருஷம் ஒழுங்கா இருந்தா உங்களுக்குன்னு ஒரு பேர் வந்துடும் சார்."

"அதாவது, என் பணத்த நீங்க பூட்டி வச்சுக்கிட்டு, எனக்கே கொஞ்சம் கொஞ்சமா குடுப்பீங்க."

"ஆமா சார்."

"எங்க வீட்லயும் இதே ஏற்பாடுதான்" என்றார் பானியோ. "போடுங்க."

அவள் ஏழு பக்கம் கொடுத்தாள். குறி போட்ட இடமெல்லாம் கையெழுத்து. "ஆறாவது பக்கத்துல உங்க மனைவியும் போடணும் சார். நல்லா படிச்சுப் பாத்துட்டு..."

"படிச்சாச்சு" என்றார். இளம்பெண்கள் எதிரில் அவர் மூக்குக்கண்ணாடி போடுவதில்லை. காகிதத்தைக் கை நீளும் தூரத்துக்கு நீட்டிப் பார்த்தார். ஆறாவது பக்கம் என்பது மட்டும் தெரிந்தது.

பத்தாயிரத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் பூட்ஸ். கொல்லைப்புறக் கொட்டகையில் தொழிற்சாலையின் பழைய ரப்பர் பூட்ஸ் ஒன்று, இடது கால். ஐஸ் ஏற்ற வரும் மீன்பிடிப் படகுக்காரர்கள் அவ்வப்போது கையில் திணிக்கிற இனாமெல்லாம் அதற்குள்தான் போகும். எட்டாயிரம் தேறும் என்று அவர் கணக்கு. எண்ணினார். பத்தாயிரம்! மறுபடி எண்ணினார். பத்தாயிரமேதான்.

வேறொருவராக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். பானியோ தன்னையே மெச்சிக்கொண்டார். 'எனக்கே தெரியாம சேர்த்திருக்கேன்! பணம்னா எனக்குப் பிறவியிலேயே ஒரு கை இருக்கு!'

மிச்சம் ஆறாவது பக்கம். ஃபெலிசா சமையலறையில் பிளாஸ்டிக் குழல்களில் மாம்பழப் பாலை ஊற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பாக்கெட் ஐஸ் விற்பது அவள் கைத்தொழில். தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் நேரே அவள் ஜன்னலுக்குத்தான் வரும்.

"நாப்பது ஐஸ் வச்சா மீன் வைக்க இடமில்ல. மீன் வச்சா வியாபாரம் இல்ல. இந்த ஃப்ரிட்ஜோட மாரடிச்சே நான் கிழவி ஆகிடுவேன்" என்றாள், வரவேற்பாக.

"சரி சரி, இங்க ஒரு கையெழுத்துப் போடு. ஃபாக்டரில இன்ஷூரன்ஸ். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உனக்குப் பணம்."

"எவ்வளவு?"

"நிறைய."

"எப்ப ஆகும்?"

"போடுறியா இல்லையா? ஆஃபீஸ் மூடிடுவான்!"

ஃபெலிசா கையைத் துடைத்தாள். கண்ணாடி போட்டாள். பக்கத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடுவதற்கு முன் ஏதோ ஒரு சின்னக் கட்டத்தில் எறும்பை நசுக்குகிறவள் மாதிரி ஒரு கோடு கிழித்தாள்.

"என்ன அது?"

"மை வருதான்னு பாத்தேன்."

கையெழுத்துப் போட்ட பிறகு எதற்கு மையைச் சோதிக்க வேண்டும் என்று பானியோ கேட்கவில்லை. ஃபெலிசாவை ஏமாற்றிய முதல் மனிதன் தான்தான் என்ற பூரிப்பில் ஜீப்னியில் தொங்கிக்கொண்டு போனார்.

கார்டு வந்தது. தொழிற்சாலை முகவரிக்குத்தான் வரவழைத்தார், அவ்வளவு முன்ஜாக்கிரதை. அதன் பிறகு நடந்ததெல்லாம் அதிர்ஷ்டம். இருபத்தைந்து வருஷமாக ஒரு கட்டுக் கீரை பொறுக்கக்கூட அவரை நம்பாத ஃபெலிசா, திடீரென்று சனிக்கிழமைதோறும் கையில் பட்டியலும் பணமும் கொடுத்து அவரைக் கடைக்கு அனுப்பினாள். சோப்பு, மத்தி டின், அரிசி. அவர் கார்டைத் தேய்ப்பார், ரொக்கத்தைப் பூட்ஸில் போடுவார், பில் வந்ததும் எடுத்துக் கட்டுவார். இந்தச் சூழ்ச்சியைக் கண்டுபிடித்ததற்காகத் தனக்கு யாராவது சிலை வைக்க வேண்டும் என்று நினைத்தார்.

கெடு இருபதாம் தேதி. ஒவ்வொரு மாதமும் பதினெட்டாம் தேதியன்று ஃபெலிசா வானத்தைப் பார்ப்பாள். "நாளைக்கு மழை கொட்டும்போல இருக்கு. டவுன்ல ஏதாச்சும் ஜோலி இருந்தா இன்னிக்கே முடிச்சுட்டு வந்துடு பானியோ." பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு மழை. கோடையிலும் மழை.

ஒரு தடவை பில்லில் 'குறைந்தபட்சம் ஐந்நூறு' என்று பார்த்து அவருக்குச் சபலம் தட்டியது. மிச்சத்துக்கு மைக் ஸ்டாண்ட் ஒன்று வாங்கலாமே! அன்று சாப்பாட்டில் ஃபெலிசா தானாகவே பேசினாள். "எதிர்வீட்டுக்காரன் பில்லுல பாதிய நிறுத்தி வச்சானாம். இப்ப அவன் தூங்கறப்பக்கூட வட்டி முழிச்சுக்கிட்டு இருக்காம்." பானியோவுக்கு மீன் தொண்டையில் நின்றது. மறுநாளே முழுசாகக் கட்டிவிட்டார்.

வருஷம் முடிந்தது. மிஸ் லெதெஸ்மா இந்தத் தடவை சிரித்தாள்.

"சார், உங்க ஸ்கோர் பிரமாதம்!"

"தொண்ணூத்தெட்டா?"

"அதுக்கு எவ்வளவோ மேல சார். டெபாசிட் அது பாட்டுக்கு இருக்கட்டும், கார்டு வரம்ப நாப்பதாயிரம் ஆக்கிட்டோம்."

பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பானியோ வீட்டுக்கு வந்து முன்னறை மூலையைச் சாணால் அளந்தார்.

"என்ன அளக்குற?"

"கரப்பான்பூச்சி ஓடிச்சு."

"எத்தன சாண் இருந்தது?" என்றாள் ஃபெலிசா. மறுநாள் அந்த மூலையைக் கழுவித் துடைத்துக் காலி செய்து வைத்திருந்தாள். பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

சனிக்கிழமை பிற்பகல் இஸ்திரி போட்ட சட்டையோடு மின்சாதனக் கடைக்குள் நுழைந்தார். பன்னிரண்டாயிரம் பெசோ கரோக்கே. சோதனைக்கு ஒரு பல்லவி பாடினார். தொண்ணூற்றெட்டு! கடைப் பெண்கள் கை தட்டினார்கள். பானியோ கார்டை எடுத்து, நெப்போலியன் வாளை உருவுவதுபோல நீட்டினார்.

கல்லாவில் இருந்த பையன் தேய்த்தான். இன்னொரு தடவை தேய்த்தான்.

"எடுக்க மாட்டேங்குது சார். வரம்பு பத்தலையாம்."

"நாப்பதாயிரம் இருக்கு தம்பி! நான் ஒரு பைசா தொடல!"

பையன் கணினியைத் தட்டினான். "இன்னிக்குக் காலைல முப்பத்தாறாயிரம் போயிருக்கே சார். நம்ம கடைலதான். பெரிய ஃப்ரீசர், இருபத்துநாலு மாசத் தவணை, வட்டி இல்ல. மேடம் துணைக் கார்டுல வாங்கினாங்க. உங்க கணக்குதான் சார்." பிறகு ஆறுதலாக, "வண்டி கிளம்பி அரை மணி ஆகுது. இந்நேரம் வீட்டுக்கே போயிருக்கும்."

போயிருந்தது. முன்னறை மூலையில், அவர் சாண் போட்ட இடத்தில், இம்மி பிசகாமல் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருந்தது. ஃபெலிசா மூடியைத் திறந்து மாம்பழ ஐஸை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஃபெலிசா! இது என்ன?"

"உன் இன்ஷூரன்ஸ். ஆறாம் பக்கத்துல போட்டிருந்ததே, மனைவிக்கும் ஒரு கார்டு வேணும்னா கட்டத்துல கோடு போடவும்னு. போட்டேன். வீட்டு விலாசத்துக்கே வந்துச்சு."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"அதுக்கும் முன்னாடியே தெரியும். கடுதாசிய நாலாத்தானே கிழிச்ச? ஒட்டறதுக்கு எவ்வளவு நேரமாகும்? அடியிலேயே போட்டிருந்தானே, பத்தாயிரம் டெபாசிட் கட்டினா கார்டு தரோம்னு."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"சொல்லியிருந்தா நீ இவ்வளவு ஒழுங்கா பேர் எடுத்திருப்பியா எபிஃபானியோ? என் பேர்ல இனிமே ஒரு ஸ்பூன் வாங்க இடமில்ல, அத்தன தவணை. வீட்ல புத்தம்புதுப் பேர் ஒண்ணு சும்மாவே கெடந்துச்சு. ஒரு வருஷம் வளத்தேன்."

பானியோ நாற்காலியில் சாய்ந்தார். "இருபத்துநாலு மாசம். மாசம் ஆயிரத்து ஐநூறு. யாரு கட்டறது?"

"நீதான். பேங்கே உன்ன நம்புது, கட்டினவ நம்ப மாட்டேனா? பிறந்தநாளுக்கு வாடகைப் பெட்டி சொல்லியாச்சு, முதல் மைக் உனக்குத்தான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

அவள் உள்ளே போய் எதையோ எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். பழைய ரப்பர் பூட்ஸ், இடது கால்.

"மாசாமாசம் இதுலயே போட்டுட்டு வா. குறைஞ்சா கவலைப்படாத. போன தடவை ரெண்டாயிரம் போட்டு வச்சேனே, அந்த மாதிரி நானே போட்டு வைக்கறேன்."