ரோசாக் அண்ணேயும் வாய் மூடிய கணினியும்

ஏதாவது பழுதாகிவிட்டால் முகம் மலரும் மனிதர் பினாங்குத் தீவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில், எங்களுக்கு நேர் மேல்வீட்டில் குடியிருந்தார். பழுதான எதையும் 'ரோசாக்' என்றே சொல்லிப் பழகிய எங்கள் குடியிருப்பு, அவருக்கு ரோசாக் அண்ணே என்று பெயர் சூட்டிவிட்டது. பெற்றோர் வைத்த பெயரைத் தபால்காரர் மட்டுமே அறிந்திருந்தார்.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளைச் சோதிப்பது அவர் வேலை. ஓய்வு நேரத்தில் உலகத்தைச் சோதித்தார். எந்தப் பழுதுக்கும் அவரிடம் மூன்று கேள்விகள் உண்டு: என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. ஒருமுறை லிஃப்ட் பாதி வழியில் நின்றபோது உள்ளே அவரும் என் அம்மாவும் மட்டுமே இருந்தார்கள். அம்மா அபாய மணியைத் தேடிக்கொண்டிருக்க, அவர் நிதானமாக விசாரணையைத் தொடங்கினாராம்.

"வந்து... அக்கா, எந்த பட்டன அமுக்குனீங்க?"

"எங்க மாடிதான் தம்பி."

"வந்து... என்ன நடக்கும்னு எதிர்பார்த்தீங்க?"

"வீட்டுக்குப் போவேன்னு எதிர்பார்த்தேன் லா."

அந்த 'வந்து' முன்னால் போய்க் கதவைத் தட்டாமல் அவருடைய எந்த வாக்கியமும் வெளியே வராது. இரண்டு பேருக்கு மேல் கூடிவிட்டால், 'வந்து' மட்டும் வரும், வாக்கியம் வராது.

அப்படிப்பட்டவர் எழுதிய நிரல், தமிழை வாய்விட்டு வாசித்தது. பார்வையற்றவர்களுக்காக அதை எழுதி, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் பொதுவில் வைத்திருந்தார். நான் தமிழ் இலக்கியம் படிப்பவள் என்பதால், அது வாசிப்பதைக் கேட்டுக் குறை சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் தயங்கித் தயங்கி ஒரு குறையைச் சொன்னால், பரிசு பெற்றவரைப் போல் நன்றி சொல்வார்.

இப்படி நிரல்களைப் பொதுவில் வைப்பவர்கள் கூடும் திறமூல மென்பொருள் மாநாடு ஜார்ஜ் டவுனில் நடக்கவிருந்தது. அதன் தமிழ் அமர்வில் பேச அவருக்கு அழைப்பு வந்தது. பல ஆண்டுகள் எழுத்தில் மட்டுமே பழகிய, முகம் காணாத நண்பர்கள் அங்கே வரவிருந்தார்கள். அவர்களுக்குத் தம் நிரலைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை; வாய் திறக்காமல் காட்ட வேண்டும் என்பது திட்டம். உரை முழுவதையும் நிரலே வாசிக்கும். இவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கும் எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடி முன் ஒத்திகை நடந்தது. மடிக்கணினியின் மூடியில் ஸ்டிக்கர்களாக ஒட்டி, அதைத் தயாரித்தவர்களின் பெயரையே மறைத்துவிட்டார். மாநாட்டு டீ-சட்டையைத் திருமணப் பட்டுக்குரிய மரியாதையோடு இஸ்திரி போட்டார்.

பிறகு, முந்தைய நாள் மாலையில், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கணினிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியைப் புதுப்பித்தார்.

"வந்து... எல்லாரும் புதுசு வச்சிருப்பாங்க தங்கச்சி. நான் மட்டும் பழைய வெர்ஷனோட போயி நிக்கவா?"

கணினி திறந்தது, எழுத்துகள் தோன்றின, குரல் மட்டும் எழவில்லை. என்ன செய்தும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரு பழுதைக் கண்டு ரோசாக் அண்ணே மகிழாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். டீ-சட்டையை மடித்து வைத்தார். தம்மால் வர இயலாது என்று எழுதிவிடப் போவதாகச் சொன்னார்.

வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்கவே கூசுகிற எனக்கு, எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

"அண்ணே, நீங்க என்ன செஞ்சீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். துக்கத்தைவிடப் பழக்கம் வலிது.

"வந்து... அப்டேட் போட்டேன்."

"என்ன எதிர்பார்த்தீங்க?"

அதற்கு அவர் மிகவும் முன்னாலிருந்து தொடங்கினார். தம்மோடு வேலை செய்த நண்பருக்குப் பார்வை போனது, அவர் செய்தித்தாளை வாசித்துக் காட்டச் சொல்லி யாரையும் கெஞ்சக் கூடாது என்று தாம் நினைத்தது, நிரல் முதன்முதலாகப் பேசியபோது அந்த நண்பர் அழுதது என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார். எதிர்வீட்டார் வந்தார்கள். கூட்டம் சேர்ந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

"இதையே நாளைக்கும் சொல்லுங்க அண்ணே," என்றேன்.

"சட்டைய எடுத்து வை தம்பி. மெசினவிட நல்லாத்தான் பேசற," என்றார் அம்மா.

மறுநாள் நான் கடைசி வரிசையில், விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடையில் அவர் ஊமைக் கணினியின் மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"வந்து... நேத்து சாயங்காலம் அப்டேட் போட்டேன்."

அரங்கம் சிரித்தது. அது கேலிச் சிரிப்பல்ல. தாங்களும் அப்படித்தான் என்று வரிசை வரிசையாகக் கைகள் உயர்ந்தன. அதன்பின் அவரைப் பேச வைக்க வேண்டியிருக்கவில்லை. நிறுத்தத்தான் அமர்வுத் தலைவர் படாதபாடு பட்டார்.

ரோசாக் அண்ணே பிறகு தாசேக் கெலுகோருக்கு வீடு மாறிப் போய்விட்டார். அன்று சேர்ந்த நண்பர்கள் நிரலைச் சரிசெய்ததோடு, அவருடைய குரலையே பதிவுசெய்து அதற்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போதும் அதைச் சோதித்துக் குறை சொல்பவள் நான்தான். புதிய குரல் தெளிவாக வாசிக்கிறது; ஆனால் ஒவ்வொரு பத்தியையும் தொடங்குமுன், எழுத்தில் இல்லாத ஒரு 'வந்து'வைச் சொல்லிக்கொள்கிறது.

மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் விடை இருக்கிறது. இருந்தும், அந்த ஒரு பழுதை மட்டும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.