பச்சை உடம்புக்காரனுக்கு நான் அழுத கதை

சினிமா பார்த்து அழுகிறவர்களைக் கேலி செய்யும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்று அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தியேட்டரில் ஓரத்து நாற்காலியில் உட்கார வேண்டும். இருட்டோடு இருட்டாக எழுந்து ஓடுவதற்கு அதுதான் வசதி. நான் நடுவரிசையில், நட்ட நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் ஓடினாலும் பத்துப் பேருடைய முழங்காலைத் தாண்ட வேண்டும்.

தேவகோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருக்கிறேன். வீடு காரைக்குடியில். தினமும் பஸ்தான். என் முகம் அதிகம் அசையாத முகம். நான் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்களாம். (அது லோ வோல்டேஜ். அந்தப் பாடத்தையும் நான்தான் நடத்தினேன்.) மாமனார் அடக்கத்தின்போது எல்லோரும் தேம்பிக்கொண்டிருக்க, கல்லறைத் தோட்டத்துக்கு வேன் போதுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தவள் நான். என் தம்பி அருள் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று திருச்சி விமான நிலைய வாசலில் அம்மா அழுதார், அப்பா அழுதார், கார் ஓட்டிவந்த டிரைவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"

இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு தவளைப் பச்சை வேற்றுக்கிரகவாசி வந்து கவிழ்த்துவிட்டுப் போனது.

சில வருஷங்களுக்கு முந்தைய மே மாதம். சிறுவர்களும் வேற்றுக்கிரகவாசியும் வரும் அந்த இங்கிலீஷ் படம் தமிழ் பேசிக்கொண்டு காரைக்குடிக்கு வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வசனத்தைப் பேசினார்கள்: "எங்க சின்ன வயசு ஞாபகம் வந்துருச்சு." எனக்கு எரிச்சலாக வந்தது. கதை நடப்பது அமெரிக்காவில் ஏதோ ஒரு கடலோர ஊரில். அதைப் பார்த்துவிட்டுக் கல்லலில் பிறந்து வளர்ந்த எங்கள் கணக்கு டீச்சருக்கு எப்படிச் சின்ன வயசு ஞாபகம் வரும்? கல்லலில் கடலும் கிடையாது, எனக்குத் தெரிந்து பறக்கும் தட்டும் வந்ததில்லை. அந்த டீச்சர் இரண்டு தடவை பார்த்து இரண்டு தடவையும் அழுதாராம். "நீங்களும் போயிட்டு வாங்க, மனசு லேசாகும்" என்றார். என் மனசு என்ன எடையில் இருக்கிறது என்று இவருக்கு யார் சொன்னது?

அந்த எரிச்சலில்தான் பிளஸ் டூ பிள்ளைகளின் கோடைச் சிறப்பு வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். எல்லோரும் அந்தப் படத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அதில் இயற்பியல் விதிகளை எங்கெங்கே மீறியிருக்கிறார்கள் என்று திங்கட்கிழமை வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகள் என்னை முதன்முறையாக அன்போடு பார்த்தார்கள். சினிமாவுக்குப் போ என்று ஒரு டீச்சர் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு நானும் போனேன். அருள் விடுமுறையில் வந்திருந்தான். அவனும் என் மகள் பெனிட்டாவும் இரண்டு பக்கம், நான் நடுவில். விளக்கு அணைவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசை முழுக்க எனக்குத் தெரிந்த ரெட்டைச் சடைகள்.

"வணக்கம் டீச்சர்!"

ஒரு வரிசையே எழுந்து நின்றது. பாப்கார்ன் சிந்தியது. நான் அங்கேயும் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"உக்காருங்க. நம்ம அழுகுறதுக்கு வரல, கவனிக்கிறதுக்கு வந்திருக்கோம். புரியுதா?" என்றேன், தியேட்டருக்கே கேட்கிற மாதிரி.

படம் தொடங்கியது. கோடை விடுமுறையில் ஒரு அக்காவும் தம்பியும் படகுக் கொட்டகையில் ஒரு வேற்றுக்கிரகவாசியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆட்டுக்குட்டி உயரம், தவளைப் பச்சை உடம்பு. ரேடியோ கேட்டுக் கேட்டே பேசக் கற்றுக்கொள்கிறது. (டப்பிங்கில் அதற்கு வானிலை அறிக்கை வாசிக்கிற குரல்.) அதன் கையில் ஒரு நீலக் கல். அந்தக் கல் இல்லாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அதை அதன் ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

நான் முணுமுணுக்கத் தொடங்கினேன். "அந்த வேகத்துல விழுந்தா கொட்டகையே மிஞ்சாது." "விண்வெளியில காத்தே கிடையாது, அப்புறம் எப்படி உய்யுனு சத்தம் வரும்?"

"அக்கா, படத்தப் பாரேன்" என்று கெஞ்சினான் அருள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்த அக்காவும் தம்பியும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் திருப்பித் திருப்பி வானத்துக்குச் சைகை காட்டினார்கள். அருள் என் விலாவில் இடித்தான்.

"அக்கா, நம்ம கண்ணாடி!"

அப்பாவுடைய சவரக் கண்ணாடி அது. நான் எட்டாவது படிக்கும்போது அருள் மூன்றாவது. முழுப்பரீட்சை லீவில் மொட்டை மாடியின் சூட்டில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு, எப்போதாவது மேலே போகும் விமானத்துக்கு அந்தக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அடிப்போம். விமானத்தில் மனுசர்கள்தான் போகிறார்கள், அதற்கும் மேலே வேறு ஆட்கள் போகிறார்கள் என்று அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். (நானும் அதைப் பாதி நம்பினேன்.)

"அவுக வந்தா எங்கக்கா தங்குவாக?" என்று கேட்பான்.

"நம்ம கோழிக்கூட்டுல."

"சாப்பாடு?"

"நம்ம சாப்பிடுறதுதான். ஞாயித்துக்கிழம மட்டும் கறி."

"அவுக போகையில என்னையும் கூப்பிட்டா?"

"நீ போவியா?"

ரொம்ப நேரம் யோசிப்பான். "நீ வந்தா போவேன்."

ஒருநாள் கண்ணாடி கைதவறி விழுந்து உடைந்தது. மறுநாள் அப்பா தாடையில் இரண்டு பிளாஸ்திரியோடு சர்ச் பூசைக்கு வந்தார். எங்கள் விண்வெளித் தொடர்பு அத்தோடு அறுந்துபோனது. நான் இயற்பியல் படிக்கப் போனேன். அவன் பாலிடெக்னிக் முடித்து விமானம் ஏறினான்.

இதெல்லாம் இடைவேளைக்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. வந்ததை வெளியே காட்டாமல் கேன்டீன் பக்கம் பிள்ளைகளை நிறுத்தி, எத்தனை பிழை கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். கார்த்திகா என்ற பெண் வாயில் பப்ஸோடு சொன்னாள். "நெறையா இருக்கு டீச்சர். ஆனா அந்தத் தம்பிப் பையன் பாவமா இருக்கான்."

"பாவம்ங்கிறது பாடத்துல கிடையாது" என்றேன்.

கடைசிக் காட்சி வந்தது. கடற்கரையில் விண்கலம் இறங்கி நிற்கிறது. தம்பிப் பையன் பச்சை உடம்புக்காரனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதறுகிறான். அக்காக்காரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கிறாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. வேற்றுக்கிரகவாசி அவளைத் திரும்பிப் பார்க்கிறது. அவள் ஏதாவது சொல்வாள் என்று அது காத்திருக்கிறது. அவள் கேட்கிறாள்:

"கல்லை எடுத்துக்கிட்டியா?"

எனக்கு ஒரு விக்கல் வந்தது. பாப்கார்ன் அடைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். தண்ணீர் குடித்தேன். இன்னொரு விக்கல். அந்த அக்கா அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் அப்படித்தான் நின்றேன். உள்ளே போன பிறகு அருள் மூன்று முறை திரும்பிப் பார்த்தான். நான் அவன் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சக்கரம் சரியாக உருளவில்லை.

விண்கலம் மேலே எழும்பியது. காற்று மண்டலத்தைத் தாண்டியதும் அந்த டைரக்டர் செய்த காரியத்தை என் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன். விண்வெளியில் சத்தம் கிடையாது என்று அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. இசை, இரைச்சல் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்திவிட்டார். முழுப் படத்திலும் இயற்பியல் சரியாக இருந்த ஒரே இடம் அது. குண்டூசி விழுந்தால் கேட்கிற அந்த அமைதியில்தான் என் வாயிலிருந்து அது வெளியே வந்தது.

"ஐயோ... போறானே! எம்புள்ள போறானே!"

அதை அழுகை என்று சொன்னால் அழுகைக்கு அவமானம். சாவு வீட்டில் வருவது மாதிரியான முழு ஒப்பாரி. இருபது வருஷத்துச் சேமிப்பு. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. முன்வரிசை ரெட்டைச் சடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. நாலைந்து செல்போன் விளக்குகள் என் முகத்தில் அடித்தன. பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "ஒரு பொம்பளைக்கு நெஞ்சுவலி! லைட்டப் போடுங்கப்பா!"

லைட்டைப் போட்டார்கள். படத்தையும் நிறுத்திவிட்டார்கள். திரையில் அந்தப் பச்சை முகம் பாதி கண் மூடியபடி அப்படியே நின்றது. ஒருவர் பாப்கார்ன் டப்பாவால் எனக்கு விசிறினார். ஒரு அம்மா என் உள்ளங்காலைத் தேய்த்தார். பெனிட்டா தன் துப்பட்டாவுக்குள் முழுவதுமாகப் போய்விட்டாள். மேனேஜர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"என்னம்மா செய்யுது? இடது கை வலிக்குதா? ஆட்டோவக் கூப்பிடவா?"

அருள்தான் எழுந்து நின்றான். "ஒண்ணுமில்ல சார். எங்க அக்கா அழுகுறாக."

"எதுக்கு அழுகுறாக?"

அருள் திரையைக் காட்டினான். "அந்தா... பச்சையா இருக்குல்ல, அது ஊருக்குப் போகுதாம்."

மேனேஜர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "நெசமாவா?" என்றார்.

அதற்குள் தியேட்டரே கத்த ஆரம்பித்துவிட்டது. முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டார்களாம், முதலிலிருந்து அந்தக் காட்சியைப் போட வேண்டுமாம். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு, போடச் சொல்லிவிட்டு என்னிடம் குனிந்தார். "அம்மா, மறுபடி அது போகும். தாங்குவீகளா? இல்ல, வெளிய உக்காருறீகளா?"

"தாங்குவேன்" என்றேன்.

தாங்கவில்லை. கல்லை எடுத்துக்கிட்டியா என்று அந்தப் பெண் மறுபடி கேட்டதும் மறுபடி கிளம்பிவிட்டேன். ஆனால் இந்தத் தடவை நான் தனியாக இல்லை. கார்த்திகா முதலில் உடைந்தாள். அவளைத் தொடர்ந்து அந்த வரிசையே குலுங்கியது. என் உள்ளங்காலைத் தேய்த்த அம்மாவும் மூக்கை உறிஞ்சினார். விளக்கு எரிந்தபோது கண் காய்ந்திருந்தவர்கள் மேனேஜரும் பெனிட்டாவும் மட்டும்தான்.

வாசலில் செல்போனும் மைக்குமாக ஒரு பையன் நின்றிருந்தான். "அக்கா, படம் எப்படிக்கா?" போன மானத்தில் கொஞ்சமாவது மீட்கலாம் என்று நிமிர்ந்து நின்று, "அறிவியல் ரீதியாக நிறையப் பிழைகள்..." என்று தொடங்கினேன். பிழைகள் என்ற இடத்தில் குரல் கீச்சென்று போய்விட்டது. மீதி வாக்கியம் அழுகை. அந்த வீடியோ அன்று சாயங்காலமே தேவகோட்டைக்குப் போய்விட்டது, எனக்கு முன்னால்.

வண்டி நிறுத்துமிடத்தில் அருள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"நான் போறப்ப பாஸ்போர்ட்டக் கேட்ட. இந்தத் தவளைக்கு ஒப்பாரி வைக்கிற."

"அன்னைக்கு நான் அழுதிருந்தா நீ போயிருப்பியாடா?"

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் துடைத்தான். பிறகு, "ரோஸ்மில்க் குடிக்கிறியா?" என்றான். மூன்று பேரும் போய்க் குடித்தோம். பெனிட்டா மட்டும் எங்களுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தேன். மேசையில் ஒரு புதுக் கைக்குட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. "பிழைகளைச் சொல்லுங்க" என்றேன். கார்த்திகா எழுந்தாள். "கடைசிக் காட்சியில ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல டீச்சர். மறச்சுருச்சு."

"என்ன மறச்சுச்சு?"

"கண்ணீருதான் டீச்சர்."

அந்த வருஷம் இயற்பியலில் பிள்ளைகள் என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் புரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அருள் இந்தக் கதையை எடுத்துவிடுவான். "கூடப்பொறந்தவனுக்கு இல்லாத கண்ணீரு" என்றுதான் ஆரம்பிப்பான். ஒவ்வொரு முறையும் ஏதாவது கூடும். இப்போதைய நிலவரப்படி ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, பாதிரியாரும் வந்துவிட்டார். சிங்கப்பூரில் அவனோடு வேலை பார்ப்பவர்களுக்கு என் பெயர் தெரியாது. ஏலியன் அக்கா நல்லா இருக்காங்களா என்றுதான் விசாரிப்பார்களாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், அன்று திறந்த குழாயை என்னால் அடைக்க முடியவில்லை என்பதுதான். இப்போதெல்லாம் யார் கிளம்பினாலும் அழுகிறேன். அருளை வழியனுப்பப் போனால் செக்கிங்கில் நிற்கிற காவலர் எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுகிறார். பெனிட்டா கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அம்மா, எல்லாரும் பாக்குறாகம்மா" என்று அவள் பல்லைக் கடித்தாள். நான் விடவில்லை.

கண்டக்டர் இறங்கிவந்து பரிவோடு கேட்டார். "பாப்பா எங்கம்மா போகுது? வெளிநாடா?"

"மதுரைக்குங்க."

"மதுரைக்கா!"

அவர் விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோனார். பிறகு அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அழுது முடிச்சுட்டுச் சொல்லுங்கம்மா. அப்புறமா எடுப்போம்."